செவிச் சுருளில் மின்முனை: இடமே பிரதானம்

செவிப்புலன் இழந்தோருக்குக் கேட்கும் சக்தியை அளிக்கும் ரண சிகிச்சையைப் பற்றி இக்காலத்தில் பலரும் பேசுகிறார்கள். இன்ன ஆஸ்பத்திரியில் இத்தனை குழந்தைகளுக்குக் கருவி பொருத்தப்பட்டது, அதற்கு இத்தனை லட்சம் ரூபாய் செலவாயிற்று என்று கணக்குச் சொல்வோரும் உளர். ஆனால் அக்கருவியின் மின்முனைகள் செவிக்குள் எந்த இடத்தில் போய் அமர்ந்தன என்று கேட்பவரைக் காண்பது அரிதாக இருக்கிறது. அது வைத்தியர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுட்பம் என்று பொதுஜனங்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவ்வாறு ஒதுங்குவது தகாது என்பது நமது திடமான அபிப்பிராயம். ஏனெனில், இச்சிகிச்சையின் உயிர்நிலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் மேலே போனால் ஒரு பலன். கீழே நின்றால் வேறு பலன். இதை விளங்கிக்கொள்வதற்கு வைத்திய சாஸ்திரம் கற்றிருக்க வேண்டுவதில்லை. சிறிது பொறுமை இருந்தால் போதும்.

முதலில் செவியின் அமைப்பைக் கவனிப்போம். வெளியே காணப்படும் மடல் ஒலியைத் திரட்டி உள்ளே அனுப்பும் வாயில் மாத்திரமே. உண்மையில் கேட்கும் உறுப்பு, தலையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. நத்தையின் ஓட்டைப்போல் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுருண்டிருக்கும் அதற்குக் காக்ளியா என்று பெயர். சுருளை நீட்டிப் பார்த்தால் அதன் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் சில மில்லிமீட்டர் கூடும், குறையும். குழந்தை பிறக்கும்போதே இவ்வுறுப்பு முழு அளவை அடைந்துவிடுகிறது என்பது ஆச்சரியமான விஷயம். ஆகையால் சிசுப் பருவத்தில் வைத்த மின்முனையை, உடல் வளர வளர இடம் மாற்றவேண்டிய அவசியம் இல்லை.

இச்சுருளுக்குள் நீளவாட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன. மேலறை, நடுவறை, கீழறை என்று நாம் அவற்றை அழைக்கலாம். மூன்றும் திரவத்தால் நிரம்பியவை. நடுவறைக்கும் கீழறைக்கும் இடையில் அடிச்சவ்வு என்ற மெல்லிய தளம் இருக்கிறது. அத்தளத்தின்மீது வரிசை வரிசையாக மயிரிழை அணுக்கள் நிற்கின்றன. அவற்றுள் உள்வரிசையில் இருப்பவை சுமார் 3,500. வெளிவரிசைகளில் இருப்பவை சுமார் 12,000. ஒலியின் அசைவை நரம்பின் மின்சமிக்ஞையாக மாற்றுவது உள்வரிசை அணுக்களின் வேலை. அந்தச் சமிக்ஞையை ஏறக்குறைய 30,000 நரம்பிழைகள் மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. இந்நரம்பிழைகளின் அணுக்கள், சுருளின் மத்தியில் நிற்கும் எலும்புத் தண்டுக்குள் கூட்டமாக அமைந்திருக்கின்றன.

இவ்வளவையும் நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. செவிச் சுருளில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆர்மோனியத்தின் கட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப்போல், உச்ச ஸ்தாயி வாயிலருகிலும், தாழ்ந்த ஸ்தாயி சுருளின் உச்சியிலும் அமைந்திருக்கின்றன. புடாபெஸ்ட் நகரத்தின் டெலிபோன் பரிசோதனைச் சாலையில் வேலை செய்த ஜார்ஜ் வான் பெக்கஸி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி, இறந்தோரின் செவிகளைப் பரிசோதித்து, ஒலி அலை அடிச்சவ்வின்மீது ஓடி, சுருதிக்கேற்ற இடத்தில் உச்சத்தை அடைவதைக் கண்டறிந்தார். இதற்காக 1961-ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆகவே, நரம்பை எந்த இடத்தில் தூண்டுகிறோமோ, அந்த இடத்திற்குரிய சுருதியே மூளைக்குக் கேட்கும். இடத்தைப் பற்றிய விவாதம் அனைத்துக்கும் வேர் இதுவே.

நிற்க, மிகக் கடுமையாகச் செவிப்புலன் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அழிந்துபோவது மயிரிழை அணுக்களே. நரம்பு ஓரளவேனும் உயிரோடு இருக்கிறது. தபால் எழுதுவோன் இறந்துவிட்டான். தபால் வழி அழியவில்லை. எழுதுவோனுடைய வேலையை மின்சாரத்தைக்கொண்டு செய்விக்க முடியுமா என்பதுதான் விஞ்ஞானிகள் எழுப்பிய கேள்வி. இன்றுள்ள கருவியில் காதின் பின்னே அணியும் பகுதி ஒலியை வாங்கிப் பாகுபடுத்துகிறது. தோலுக்கு அடியில் பதித்த பகுதி அச்செய்தியைக் கம்பியின்றிப் பெற்று, மெல்லிய சரம் ஒன்றின் வழியே செவிச் சுருளுக்குள் அனுப்புகிறது. அச்சரத்தில் மின்முனைகள் வரிசையாகப் பதிந்திருக்கும். தயாரிப்பாளருக்கு ஏற்ப அவற்றின் தொகை 12, 16, 22 என்று வேறுபடுகிறது.

இம்மின்முனையை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பகாலத்து நிபுணர்கள் பல வழிகளையும் சோதித்துப் பார்த்தார்கள். 1957-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் ஆந்த்ரே ஜூர்னோ, சார்லஸ் எய்ரியே என்ற இருவர், செவி நோயால் இரு காதுகளும் பழுதடைந்த ஒருவருடைய செவி நரம்பின் எஞ்சிய முனையிலேயே மின்முனையை வைத்தார்கள். அவருக்கு ஒலி கேட்டது. சில சொற்களையும் பிரித்தறிந்தார். ஆயினும் கருவி நிலைக்கவில்லை. 1961-ம் வருஷத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வில்லியம் ஹௌஸ் என்ற வைத்தியர், ஒற்றை மின்முனையைச் செவிச் சுருளின் கீழறைக்குள்ளேயே செலுத்தினார். 1964-ம் வருஷத்தில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பிளேர் சிம்மன்ஸ், சுருளின் மத்தியத் தண்டைத் துளைத்து ஆறு மின்முனைகளை நரம்புக்குள் நேரே பதித்தார். வெவ்வேறு மின்முனைகள் வெவ்வேறு சுருதிகளாகக் கேட்டன என்பது அதனால் தெரியவந்தது. ஆனால் பேச்சு விளங்கவில்லை.

ஒற்றை மின்முனையால் சந்தமும் சப்தத்தின் ஏற்ற இறக்கமும் தெரியும். உதடுகளின் அசைவைப் பார்த்துப் பேச்சை ஊகிப்பவருக்கு அது துணை செய்யும். ஆனால் உதட்டைப் பாராமல் பேச்சை விளங்கிக்கொள்ள அது பெரும்பாலோருக்குப் போதவில்லை. காரணம் வெளிப்படை. ஒரே கட்டையுள்ள ஆர்மோனியத்தில் ராகம் வாசிக்க முடியுமா? பல கட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கவேண்டும். சுருண்ட குழாய்க்குள், அதன் சவ்வுகளைக் கிழிக்காமல், பல மின்முனைகள் கொண்ட சரத்தை வெகுதூரம் செலுத்துவது எவ்வாறு? மெல்போர்ன் சர்வகலாசாலையின் கிரேம் கிளார்க் என்ற பேராசிரியர் இக்கேள்விக்கு விடை கண்ட விதம் பிரசித்தமானது. செவிப்புலன் குன்றிய ஒரு மருந்துக் கடைக்காரரின் புதல்வர் அவர். 1977-ம் வருஷத்தில் கடற்கரையில் கிடந்த சங்கு போன்ற ஓட்டுக்குள் புல்லின் இதழ்களை நுழைத்துப் பார்த்தார். நுனி மிருதுவாகவும், அடி வரவர விறைப்பாகவும் உள்ள புல் தடையின்றிச் சுருளைச் சுற்றிச் சென்றது. மின்முனைச் சரத்தையும் அவ்வாறே அமைக்கவேண்டும் என்ற உண்மை அவருக்குப் புலனாயிற்று.

1978-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி மெல்போர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அக்கருவி பொருத்தப்பட்டது. அதைச் சோதித்தபோது தேசிய கீதத்தின் இசையை ஒலிக்கச் செய்தார்கள் என்றும், அவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார் என்றும் கிளார்க் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். வியன்னா நகரத்திலும் இங்கெபோர்க் ஹோக்மெயர், எர்வின் ஹோக்மெயர் தம்பதிகள் சமைத்த பல்முனைக் கருவி, 1977-ம் வருஷத்திலேயே ஒருவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. செவி நரம்பைச் செயற்கையாகத் தூண்டிப் பேச்சை உணர்த்த முடியாது என்று கற்றறிந்த பலர் அக்காலத்தில் வாதித்தார்கள். பல்லாயிரம் நரம்பிழைகள் செய்யும் வேலையை விரல்விட்டு எண்ணக்கூடிய மின்முனைகள் செய்யுமா என்று கேட்டார்கள். அனுபவம் அவர்களுக்குப் பதில் அளித்துவிட்டது. 1991-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பிளேக் வில்சன், மின்முனைகள் ஒன்றோடொன்று மோதாதபடி முறைவைத்துத் துடிப்புகளை அனுப்பும் உபாயத்தை வெளியிட்டதும் பேச்சுத் தெளிவு வெகுவாக உயர்ந்தது. கிளார்க், இங்கெபோர்க் ஹோக்மெயர், வில்சன் ஆகிய மூவருக்கும் 2013-ம் வருஷத்தில் லஸ்கர் விருது வழங்கப்பட்டது. இன்று உலகத்தில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இத்தனை பரிசோதனைகளுக்குப் பிறகு நிபுணர்கள் ஒருமுகமாக ஏற்றுக்கொண்ட இடம் கீழறையே. அதற்குரிய காரணங்கள் எளியவை. கீழறையின் வெளிவாயில் வட்ட ஜன்னல் என்ற சவ்வு. அதன் வழியே புகுந்தால் உள்ளே வேறெந்தச் சவ்வையும் கிழிக்கவேண்டியதில்லை. கீழறையின் உட்புறச் சுவர், நரம்பணுக்கள் வாழும் தண்டுக்கு அண்டையில் இருக்கிறது. அன்றியும், அடிச்சவ்வு கூரையைப்போல் மேலே நிற்பதால் நடுவறையின் திரவம் கலவாமல் காக்கப்படுகிறது. நடுவறையின் திரவமும் மற்ற இரு அறைகளின் திரவமும் வெவ்வேறு உப்புச் சத்துக்கள் கொண்டவை. இடைச்சவ்வு கிழிந்து அவை கலந்தால், எஞ்சி நிற்கும் மயிரிழை அணுக்களும் மாண்டுபோகும்.

அபாயமும் இங்கேதான் இருக்கிறது. கீழறையின் உயரமோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உட்புறம் போகப்போக இன்னும் குறுகும். சரத்தைப் பலவந்தமாகத் தள்ளினால், முதல் வளைவில் அது அடிச்சவ்வைக் குத்திக்கொண்டு மேலறைக்குள் ஏறிவிடும். வெளியே நிற்கும் வைத்தியரின் கண்ணுக்கு அது தெரியாது. கருவி வேலை செய்யும். நோயாளிக்கு ஏதோ கேட்கவும் செய்யும். ஆகையால் எல்லாம் நலமே முடிந்ததென்று எண்ணிவிடலாம். ஆனால் கீழறையிலேயே முழுவதும் தங்கிய சரத்தையும், மேலறைக்குத் தாவிய சரத்தையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகள், முன்னதே பேச்சை அறிவதில் மேலானது என்றும், எஞ்சிய இயற்கைச் செவிப்புலனையும் அதுவே அதிகமாகக் காக்கிறது என்றும் காட்டுகின்றன. "கேட்கிறது" என்பதற்கும் "விளங்குகிறது" என்பதற்கும் உள்ள தூரம் சில வேளைகளில் இந்த அரை மில்லிமீட்டரே.

வாயிலை அடையும் வழியும் இலகுவானதல்ல. காதின் பின்னுள்ள எலும்பைக் குடைந்து செல்லும் வைத்தியர், முகத்தை அசைக்கும் நரம்புக்கும் நாவின் சுவையை உணர்த்தும் நரம்புக்கும் நடுவே உள்ள சிறு சந்தில் புகவேண்டும். ஒன்றைச் சேதப்படுத்தினால் முகம் கோணும். மற்றதைச் சேதப்படுத்தினால் சுவை குன்றும். இச்சந்தின் வழியே வட்ட ஜன்னல் தென்படும். ஜன்னலின் சவ்வைத் திறந்து நுழைவது ஒரு முறை. அதன் அருகே எலும்பில் தனியே துவாரம் இட்டு நுழைவது மற்றொரு முறை. துவாரம் சற்று மேலே அமைந்துவிட்டால் சரம் நேரே மேலறைக்குச் சென்றுவிடும். இதனாலேயே இன்று நிபுணர்கள் பலர், இயன்ற இடத்திலெல்லாம் ஜன்னல் வழியையே விரும்புகிறார்கள். 1993-ம் வருஷத்தில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் லேன்ஹார்ட் "மிருதுவான ரண சிகிச்சை" என்ற கொள்கையை வகுத்தார். அவசரமின்றி மெல்லச் செலுத்துதல், இரத்தமும் எலும்புத் தூளும் உள்ளே விழாமல் காத்தல், உள்திரவத்தை உறிஞ்சாதிருத்தல் முதலியன இன்று நல்ல சிகிச்சையின் இலக்கணமாகக் கொள்ளப்படுகின்றன. 1999-ம் வருஷத்தில் பிராங்க்போர்ட் நகரத்தின் வான் இல்பெர்க், தாழ்ந்த சுருதிகளை இயற்கைச் செவியாலும் உயர்ந்த சுருதிகளை மின்சாரத்தாலும் ஒரே காதில் கேட்கச் செய்யலாம் என்று வெளியிட்டார். அதன்பின், மிஞ்சிய செவிப்புலனைக் காப்பதன் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

கீழறை என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் கீழறைக்குள் எந்தச் சுவரை ஒட்டி, எவ்வளவு ஆழம் வரை என்பதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சியார், முன்கூட்டியே வளைத்துச் செய்யப்பட்ட சரத்தை உட்புறத் தண்டை அணைத்தாற்போல் வைக்க விரும்புகிறார்கள். நரம்பணுக்களுக்கு அருகில் இருப்பதால் குறைந்த மின்சாரம் போதும்; ஒரு முனையின் மின்சாரம் அடுத்த முனையின் எல்லைக்குள் பரவுவதும் குறையும் என்பது அவர்கள் வாதம். மற்றக் கட்சியார், நேரான மிருதுவான சரத்தை வெளிச்சுவரை ஒட்டி ஓடவிட விரும்புகிறார்கள். அது சவ்வைக் குத்தும் அபாயம் குறைவு. சுருளின் உச்சியை நோக்கி அதிக தூரம் செல்லும். தாழ்ந்த சுருதிகளின் இடத்தையும் எட்டும் என்பது அவர்கள் வாதம். இவ்வகையில் 31 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள சரங்களும் உண்டு. தண்டை அணைக்கும் சரங்களோ 20 மில்லிமீட்டர் அளவினவே.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. தண்டை அணைக்கும் சரங்களில் பழைய வகையைச் சேர்ந்தவை மேலறைக்குத் தாவுவது அதிகம் என்று படங்கள் காட்டியிருக்கின்றன. சில சமயம் நுனி மடிந்து திரும்பிவிடுவதும் உண்டு. மறுபக்கத்தில், நரம்பணுக்களின் கூட்டம் சுருளின் முழு நீளமும் செல்வதில்லை. ஒன்றே முக்கால் சுற்றளவிலேயே முடிந்துவிடுகிறது. எனவே ஆழம் மேலும் மேலும் கூடக்கூட லாபமும் அதே விகிதத்தில் கூடுமென்று சொல்வதற்கில்லை. மிக ஆழத்தில் சேதத்தின் அபாயமே கூடும். சரம் ஆழம் குறைந்து நின்றாலோ, தாழ்ந்த ஒலிக்குரிய செய்தி உயர்ந்த ஸ்தாயியின் இடத்தில் போய்ச் சேரும். குரல்கள் கீச்சென்று கேட்கும். மூளை பல மாதங்களில் இப்பிசகுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறதாயினும், எல்லோரிடமும் முழு அளவில் அது நிகழ்வதில்லை. ஆகவே எல்லாச் செவிகளுக்கும் ஒரே சரம் என்ற விதி பொருந்தாது. சிகிச்சைக்கு முன்பே படம் எடுத்து, அந்த நோயாளியின் சுருள் நீளத்தை அளந்து, அதற்கேற்ற சரத்தைத் தேர்ந்தெடுப்பதே நியாயம்.

விதிவிலக்குகளும் உண்டு. மூளை உறைக் காய்ச்சலால் செவியிழந்த குழந்தைக்குச் சுருளின் உட்புறம் சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். அங்கே தாமதம் என்பதே பெரிய விரோதி. கீழறை அடைபட்டுவிட்டால், மேலறையையே நாடவேண்டிய நிர்ப்பந்தம் நேரும். செவி நரம்பே அழிந்தவர்களுக்கோ செவிச் சுருளில் மின்முனை வைத்துப் பயன் இல்லை. அவர்களுக்கு மூளையின் அடித்தண்டில் உள்ள செவிக் கேந்திரத்தின்மீதே மின்முனைகளை வைக்கும் முறையை 1979-ம் வருஷத்தில் ஹௌஸும் ஹிட்செல்பர்கரும் தொடங்கினார்கள். நரம்பு எங்கே உயிரோடிருக்கிறதோ, அங்கேதான் மின்முனைக்கு இடம் என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் நீதி.

வைத்த இடம் சரிதானா என்பதை அறிய வழி உண்டா? நிச்சயமாக உண்டு. சிகிச்சை மேஜையிலேயே ஒவ்வொரு மின்முனையின் மின்தடையை அளக்கலாம். நரம்பு பதில் அளிக்கிறதா என்று அக்கருவியைக்கொண்டே கேட்கலாம். எக்ஸ்ரே படம் நுனி மடிந்ததையும் ஆழத்தையும் காட்டும். நுண்ணிய குறுக்குவெட்டுப் படமோ, சரம் எந்த அறையில் இருக்கிறது என்பதையே காட்டிவிடும். நுனி மடிந்திருப்பது மேஜையிலேயே தெரிந்தால் உடனே திருத்தலாம். வருஷம் கழித்துத் தெரிந்தால் மறுபடியும் எலும்பைத் திறக்க வேண்டும்.

இவ்விடத்தில் நமது நாட்டின் நிலைமையைச் சிந்திக்கவேண்டும். இக்கருவியின் விலை சாமானியக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகையால் இந்திய சர்க்கார், ஊனமுற்றோருக்குக் கருவிகள் அளிக்கும் திட்டத்தில் இதையும் சேர்த்து, 2014-ம் வருஷத்து விதிகளின்படி கருவி ஒன்றுக்கு 6 லட்ச ரூபாய் வரை அனுமதித்தார்கள். தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஏழைக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை நடைபெறுகிறது. இவை மனமாரப் பாராட்டத்தக்க காரியங்கள். ஆனால் ஜனங்களின் பணம் செலவாகும்போது, எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கோடு திருப்தியடைவது குடிகளுக்கு அழகல்ல. அவை எங்கே அமர்ந்தன, எத்தனை முனைகள் வேலை செய்கின்றன, குழந்தை பேச்சை விளங்கிக்கொள்கிறதா என்ற கணக்கும் கேட்கவேண்டும். மூன்று விஷயங்களை நாம் வற்புறுத்துகிறோம். சிகிச்சைக்கு முன் செவிச் சுருளின் அளவு எடுக்கப்படவேண்டும். சிகிச்சையின் முடிவில் மின்முனை அமர்ந்த இடம் பரிசோதிக்கப்பட்டு, அதன் படமும் குறிப்பும் பெற்றோரிடம் கொடுக்கப்படவேண்டும். அதற்குப் பின் குழந்தைக்குக் கேட்டறியும் பயிற்சி வருஷக்கணக்கில் இடையறாமல் அளிக்கப்படவேண்டும். எவ்வளவு நேர்த்தியாக வைத்த மின்முனையும், பயிற்சியற்ற குழந்தைக்கு வெறும் சப்தத்தைத்தான் கொடுக்கும்.

சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் செவிப்புலனற்ற சமூகத்தார், தங்களை நோயாளிகளாகக் கருதுவதை ஆட்சேபிக்கிறார்கள். அவர்கள் மொழி இலக்கணமுள்ள முழு மொழி என்பதில் ஐயமில்லை. அதற்குரிய மரியாதை கிடைக்கவே வேண்டும். கருவி பெற்ற குழந்தைக்கும் சைகை மொழி விரோதியல்ல. ஆனால் கேட்கும் வழியைப் பெற்றோர் நாடும்போது, அவ்வழி அரைகுறையாக அமைந்துவிடாமல் காப்பது கடமை.

சிலர், இவ்வளவு நுட்பங்களைச் சாமானியர் கேட்டால் வைத்தியருடைய கௌரவம் குறையும் என்பார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. கைத்திறன் உள்ளவன் தன் வேலையைப் பிறர் பார்ப்பதற்கு அஞ்சுவதில்லை. அந்தக் குழந்தை ஆயுள் முழுவதும் அந்தச் செவியோடு வாழவேண்டும். கருவி பழுதானால் வேறொன்றை அதே சுருளுக்குள் மறுபடி வைக்கவேண்டும். நாளை இன்னும் சிறந்த சிகிச்சை தோன்றினால் அதை ஏற்பதற்கும் அந்தச் சுருள் சிதையாமல் இருக்கவேண்டும். இன்று கைபதறாமல் காக்கப்படும் சவ்வு, அக்குழந்தையின் எதிர்காலத்திற்குச் சேர்த்துவைக்கும் பொருளாகும். ஆகவே, கருவி பொருத்தியாயிற்று என்று யாரேனும் சொன்னால், "எந்த இடத்தில்?" என்று கேட்பதற்கு நம் ஜனங்கள் பழகவேண்டும். அக்கேள்வி நாடெங்கும் கேட்கப்படுமானால், அதற்குத் தக்க பதில் சொல்லும் ஆஸ்பத்திரிகளும் நாடெங்கும் பெருகும்.